மரபுக் கட்டடத்துக்கு வந்த அரசுப் பணத்தைப் பின்தொடர்வது எப்படி: புதுச்சேரிவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் ஒரு பழைய கட்டடத்துக்குச் சாரம் கட்டி வலை போட்டு மூடிவிட்டால், தெருவில் முதலில் கேட்கும் விளக்கம் "ஸ்மார்ட் சிட்டி பணம்" என்பதாகத்தான் இருக்கும். பல நேரங்களில் அது சரியாக இருப்பதில்லை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் மானியம், உலக வங்கியின் கடன், புதுச்சேரி அரசின் சொந்த வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீடு, நகராட்சியின் பொது நிதி என்று அந்தப் பணம் எதுவாகவும் இருக்கலாம். எந்தப் பையிலிருந்து பணம் வந்ததோ அதைப் பொறுத்தே கண்காணிப்பவர் யார், காகிதம் யாரிடம் இருக்கும், குறை தென்பட்டால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அமையும்.

இந்த வழிகாட்டி தெருவாசிகளுக்கும், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும், கட்டடக்கலை மாணவர்களுக்கும் உரியது. தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மரபுக் கட்டடப் பணிகளில் அரசின் கண்காணிப்பு இரண்டு தனித்தனிப் பாதைகளில் நடக்கிறது. கட்டடத்தின் தோற்றமும் மரபும் கெடாமல் இருக்கிறதா என்பதை ஆலோசனைக் குழுவும் திட்டக் குழுமமும் பார்க்கின்றன. பணம் விதிப்படி செலவானதா என்பதைக் கணக்கு அலுவலகமும் தணிக்கையாளரும் பார்க்கின்றனர். வரைபடத்தைப் பார்ப்பவர் ஒப்பந்ததாரர் பணம் கேட்டுக் கொடுக்கும் பட்டியலை (பில்) பார்ப்பதில்லை, அந்தப் பட்டியலைப் பார்ப்பவர் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு கட்டுக் காகிதங்களையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் வேலையை எந்த அலுவலகமும் தன் கடமையாகக் கொண்டிருக்கவில்லை என்பதால், அந்த வேலை உள்ளூர்க்காரர்களுக்கு விடப்பட்டிருக்கிறது.

முதலில் பணத்தின் ஊற்றைக் கண்டறியுங்கள்

பணி நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் தகவல் பலகையை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், பணியை நிறைவேற்றும் கோட்டம், முடிக்க வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பலகை இல்லையென்றால், புதுச்சேரி அரசின் மின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் கட்டடத்தின் பெயரையோ தெருவின் பெயரையோ வைத்துத் தேடலாம். அங்கு பதிவேற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே நிதித் தலைப்பு குறிக்கப்பட்டிருப்பது உண்டு.

உடைமையாளர், பணம் கொடுத்தவர், பணியைச் செய்தவர் ஆகிய மூவரும் வெவ்வேறாக இருப்பது எவ்வளவு இயல்பானது என்பதற்குக் கடற்கரைச் சாலையிலுள்ள மேரி கட்டடம் நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு ஆட்சிக்கால நகரமன்றக் கட்டடமான அது 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் நகராட்சியோடு சேர்த்து அறியப்பட்டது என்பதற்காக ஒருவர் நகராட்சியில் மட்டும் விண்ணப்பித்தால், பணம் பற்றிய காகிதங்களில் பெரும்பகுதி அங்கு கிடைக்காது. அவை திட்டத்தை நிறைவேற்றிய முகமையிடம் இருக்கும். உலக வங்கித் திட்டங்களில் இன்னொரு வசதி உண்டு. திட்ட மதிப்பீட்டு ஆவணம், கொள்முதல் திட்டம், நிறைவு அறிக்கை போன்றவற்றை அந்த வங்கியே தன் இணையதளத்தில் வெளியிடுவதால், எந்த விண்ணப்பமும் இல்லாமல் அவற்றைப் படிக்கலாம்.

மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் சுவதேஷ் தர்ஷன் திட்டத்தில் புதுச்சேரிக்குக் கடலோரச் சுற்று, மரபுச் சுற்று, ஆன்மிகச் சுற்று ஆகிய மூன்று பிரிவுகளிலும் பணிகள் ஒப்பளிக்கப்பட்டன. இவை முழுவதும் மத்திய நிதி. பணம் தவணை தவணையாக வரும். முந்தைய தவணை எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுத்தால்தான் அடுத்தது நகரும். எனவே இவ்வகைப் பணியில் உங்களுக்கு வேண்டிய சான்றிதழ், புதுச்சேரி சுற்றுலாத் துறையிலும் டெல்லியிலுள்ள அமைச்சகத்திலும் என இரண்டு இடங்களில் இருக்கும். ஓரிடத்தில் கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், மற்ற இடத்தில் கேட்கலாம்.

ஸ்மார்ட் சிட்டி நிதி வேறு வகை. புதுச்சேரி 2017-ல் அந்தத் திட்டத்துக்குத் தேர்வானது. பணியை நடத்துவதற்கென நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒரு தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. நிறுவனம் என்பதால் அதற்கு இயக்குநர் குழு உண்டு, ஆண்டறிக்கை உண்டு, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் நியமிக்கும் தணிக்கையாளர் உண்டு. இயக்குநர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பில், எந்தக் கட்டடம் பட்டியலில் சேர்ந்தது, எது எப்போது கைவிடப்பட்டது, மதிப்பீடு ஏன் திருத்தப்பட்டது என்பவை பதிவாகியிருக்கும். பட்டியலிலிருந்து ஒரு கட்டடம் சத்தமில்லாமல் நீங்கிப்போனதன் காரணம் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் அகப்படும்.

நகராட்சிப் பணத்தைப் பொறுத்தவரை, புதுச்சேரிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பின், தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றம் இல்லாமலேயே பல ஆண்டுகள் கழிந்தன. வார்டு உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்க ஆளில்லாத நிலையில், ஆணையரின் கோப்புக் குறிப்பே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே நகராட்சிப் பணியில் மன்றத் தீர்மானத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், நிர்வாக ஒப்புதல் ஆணையை நேரடியாகக் கேளுங்கள்.

கட்டடத்தைப் பற்றிய காகிதங்கள்

பணக் காகிதத்தைத் தொடும் முன், அந்தக் கட்டடம் அரசின் மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்தத் தரத்தில் என்பதைப் புதுச்சேரி திட்டக் குழுமத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே எவ்வளவு மாற்றம் செய்யலாம், வெளித்தோற்றத்தை மட்டும் காத்தால் போதுமா என்பவை தரத்தைப் பொறுத்தவை. அடுத்து, மாநில அளவிலான மரபுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அந்தப் பணியைப் பார்த்ததா, பார்த்திருந்தால் என்ன நிபந்தனை விதித்தது என்ற கூட்டக் குறிப்பைப் பெற வேண்டும். அரிக்கமேடு போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடத்துக்கு அருகில் பணி நடந்தால், 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்ற மத்தியச் சட்டத்தின் எல்லையும் பொருந்தும்.

இவற்றைவிட முக்கியமானது, பணி தொடங்கும் முன் எழுதப்பட்ட நிலை அறிக்கையும் அதனுடன் இணைந்த புகைப்படங்களும். எந்தச் சுவரில் எத்தனை நீளத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது, எந்த உத்தரம் கரையான் அரித்தது, தாழ்வாரத்தின் எத்தனை மரத்தூண்கள் மாற்றப்பட வேண்டியவை, எத்தனை அப்படியே இருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் போட்ட மதிப்பீடு ஊகத்தின் மேல் போட்டது என்றே நான் கொள்வேன். தெருவாசிகளிடம் பழைய படங்கள் இருந்தால், திருமணப் படத்தின் பின்னணியில் தெரியும் முகப்பாக இருந்தாலும், அவற்றை நாள் குறித்துத் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்முறையீட்டில் அவை உதவும்.

பணத்தைப் பற்றிய காகிதங்கள்

நிர்வாக ஒப்புதல், செலவின ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், விரிவான மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டு அறிக்கை, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம், ஒப்பந்ததாரரின் பட்டியல்கள் (பில்), மதிப்பீட்டிலிருந்து மாறிய வேலைகளைக் காட்டும் மாறுபாட்டு அறிக்கை, நிறைவுச் சான்று, பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒரு பணியின் வாழ்வு காகிதத்தில் நகர்கிறது. எல்லாவற்றையும் கேட்டால் கட்டுக் கட்டாகத் தாள் வரும். படிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். மூன்றை மட்டும் ஆழமாகப் படித்தால் போதும் என்பது என் கருத்து.

ஒன்று, விரிவான மதிப்பீடு. சிமெண்டுப் பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் அரசின் விலை விகிதப் பட்டியலில் விலை உண்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சுதை வேலைப்பாடு போன்றவற்றில் பலவற்றுக்கு அந்தப் பட்டியலில் நேரான இனம் கிடைக்காது. அவற்றுக்குப் பொறியாளர் தனியே விலைப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கு அதில் வரும். மதிப்பீட்டில் 'மொத்தத் தொகை' என்று ஒரே வரியில் பெரிய எண் ஒன்று எழுதப்பட்டிருந்தால், அதற்குரிய விலைப் பகுப்பாய்வைக் கேட்டு வாங்குங்கள். மரபு வேலையில் பணம் கரைவது பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில்தான்.

இரண்டு, அளவீட்டுப் புத்தகம். அலுவலகத்தில் 'எம்.புக்' என்று கேட்டால் உடனே புரியும். ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், பிறகு அளவு என்று கட்டங்கள் இருக்கும். அளந்த நாளும், அளந்தவர் கையொப்பமும், மேலதிகாரி சரிபார்த்த குறிப்பும் அதில் இருக்க வேண்டும். தெருவில் நின்று சரிபார்க்கக்கூடிய காகிதம் இது ஒன்றுதான். எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள முகப்பின் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர். கதவு, சன்னல், திண்ணைத் திறப்பு ஆகியவற்றைக் கழித்த பின்னும் புத்தகத்தில் முகப்புக்கு மட்டும் 60-க்கு மேல் எழுதியிருந்தால், அதற்கு விளக்கம் வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ஊழல் என்று எழுதிவிடக் கூடாது. அளவீட்டு விதிகளின்படி 0.5 சதுர மீட்டர் வரையுள்ள சிறு திறப்புகளைக் கழிப்பதில்லை. புடைப்புகளும் விளிம்புப் பட்டைகளும் பரப்பைக் கூட்டும். விளக்கம் கேட்டு, பிறகு முடிவுக்கு வருவதே முறை.

அதே புத்தகத்தில் நாள்களைக் கவனியுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில், அளக்க முடியாதபடி மூடப்போகும் வேலை எதுவானாலும் ஏழு நாளுக்குக் குறையாத முன்னறிவிப்பை ஒப்பந்ததாரர் பொறியாளருக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பணிக்கு எந்த நிபந்தனைகள் பொருந்துகின்றன என்பதை ஒப்பந்த ஆவணத்தில் பார்த்து, அந்த முன்னறிவிப்புக் கடிதங்களைக் கேளுங்கள். சுவருக்குள் போன செங்கல்லும் பூச்சுக்கு அடியில் போன கம்பி வலையும் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

மூன்று, பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய மானியமாக இருந்தால், 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி இது வகுத்த படிவத்தில் இருக்கும். சங்கமோ முகமையோ மானியம் பெற்றிருந்தால் அது 12-ஏ படிவம். அரசு பெற்றிருந்தால் 12-சி. 12-ஏ படிவத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: ஆண்டின் தொடக்கத்தில் செலவாகாமல் இருந்த பணம், அதில் கிடைத்த வட்டி, அரசுக்குத் திருப்பிச் செலுத்திய வட்டி, அந்த ஆண்டு வந்த மானியம், கைவசமிருந்த மொத்தம், செலவு, மீதி. முந்தைய ஆண்டின் மீதியும் இந்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியில் பல மாதம் கிடந்த பணத்துக்கு வட்டிக் கட்டம் வெறுமையாக இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சான்றிதழில் 'செலவு' என்ற கட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். மானியம் பெற்ற துறை, பணியைப் பொதுப்பணித் துறையிடம் வைப்புப் பணியாக (முன்கூட்டியே பணம் செலுத்திச் செய்விக்கும் பணியாக) ஒப்படைத்துப் பணத்தை மாற்றிவிட்டால், மாற்றிய நாளிலேயே அதைச் செலவாகக் காட்டிவிடும் பழக்கம் உண்டு. காகிதத்தில் முழுத் தொகையும் செலவாகியிருக்கும். இடத்திலோ சாரம்கூடக் கட்டியிருக்க மாட்டார்கள். எனவே சான்றிதழின் தேதியை முதல் பட்டியலின் தேதியோடும், எம்.புக்கின் முதல் அளவீட்டுத் தேதியோடும் ஒப்பிடுங்கள். நான் சொன்ன இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம் இந்த ஒப்பீடுதான்.

தேதிகளைப் பார்க்கும்போது மார்ச் மாதத்தையும் நினைவில் வையுங்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்பதால், ஒதுக்கிய பணம் காலாவதியாகாமல் இருக்க அந்த மாதத்தில் பட்டியல்கள் குவியும். சுண்ணாம்புக்கோ அவசரம் ஆகாது. அது ஊற வேண்டும், ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு ஏற வேண்டும், இடையில் ஈரம் காக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வெளிப்பூச்சு வேலையைத் தடுக்கும். சனவரியில் தொடங்கி மார்ச் கடைசி வாரத்துக்குள் பல அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் முடிந்து பட்டியலும் தேறிவிட்டது என்று ஒரு கோப்பு சொன்னால், அந்தச் சுவரில் உண்மையில் என்ன பூசப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை.

விண்ணப்பம் எழுதும் முறை

தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும்: கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதன் பிறகு மணிக்கு 5 ரூபாய். விண்ணப்பம் பொதுவாக 500 சொற்களுக்குள் அமைய வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதை நம்பி இருப்பதைவிட, ஊற்றை முன்பே கண்டறிந்து சரியான அலுவலகத்துக்கு எழுதுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

"ஏன் தாமதம்?", "இது நியாயமா?" போன்ற கேள்விகளை எழுதாதீர்கள். கருத்துக்கும் காரணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும். இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "இன்ன தெருவிலுள்ள இன்ன கட்டடத்தின் புதுப்பிப்புப் பணி தொடர்பான விரிவான மதிப்பீடு, விலைப் பகுப்பாய்வுத் தாள்கள், அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், இதுவரை வழங்கப்பட்ட பட்டியல்கள், மாறுபாட்டு அறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும், நகலுக்கு முன் கோப்பைப் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்கவும்" என்று எழுதினால், மறுப்பதற்கு இடம் குறைவு.

பலரும் பயன்படுத்தாத ஓர் உரிமை இதே சட்டத்தில் இருக்கிறது. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. சுண்ணாம்புப் பூச்சுக்குப் பணம் கொடுத்த சுவரில் சிமெண்டு கலந்திருக்கிறது என்ற ஐயம் எழுந்தால், சுவரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் அது குற்றமாகவும் ஆகும். மாதிரி கேட்டு முறைப்படி விண்ணப்பித்து, அலுவலர் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுங்கள்.

30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ நிறைவில்லாவிட்டாலோ, அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். அதன் பிறகான இரண்டாம் மேல்முறையீடு 90 நாளுக்குள். புதுச்சேரிக்குத் தனி மாநிலத் தகவல் ஆணையம் கிடையாது. டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையமே அதை விசாரிக்கும். "வணிக இரகசியம்" என்ற காரணம் சொல்லி ஒப்பந்ததாரரின் பட்டியலை மறுத்தால், பொதுப்பணத்திலிருந்து ஏற்கெனவே வழங்கிவிட்ட தொகையின் விவரமே கேட்கப்படுகிறது என்பதை மேல்முறையீட்டில் தெளிவாக எழுதுங்கள்.

எல்லை தாண்டினால் விதி மாறும்

முள்ளோடையைக் கடந்து கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், மேலே சொன்னவற்றில் பல பொருந்தா. இரண்டாம் மேல்முறையீடு சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகும். ஒப்பந்தப்புள்ளிகளுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் போன்றவற்றில் நடக்கும் திருப்பணி, அறநிலையத் துறையின் ஒப்புதலிலும் அதற்குரிய தணிக்கையிலும் வரும். அங்கே உபயதாரர் பணமும் கோயில் நிதியும் அரசு மானியமும் கலந்திருக்கும் என்பதால், மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கைக் கேட்க வேண்டும்.

காகிதங்கள் கைக்கு வந்த பிறகு

முரண்பாடு தெளிவாகத் தெரிந்தால், முதலில் பணியை நிறைவேற்றிய செயற்பொறியாளருக்கும் பணம் கொடுத்த துறையின் செயலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம், எம்.புக்கின் பக்க எண், சான்றிதழின் தேதி, நீங்கள் அளந்த அளவு ஆகிய மூன்றும் போதும். அதன் நகலைப் புதுச்சேரியைத் தணிக்கை செய்யும் கணக்காயர் அலுவலகத்துக்கும் அனுப்பலாம். மானியம் பெற்ற அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்ய இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் கடமைகளையும் அதிகாரங்களையும் வகுத்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14, 15 பிரிவுகள் அவர்களுக்கு அதிகாரம் தருகின்றன. தணிக்கையாளர் உங்களுக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவர் அல்லர் என்றாலும், எந்தக் கோப்பை எடுத்துப் பார்ப்பது என்று தீர்மானிக்கும்போது இத்தகைய கடிதம் பயன்படுகிறது. தணிக்கை அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டு பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்தால் அவரை நேரில் சந்திப்பது வீணாகாது.

தனியார் வீடுகளுக்குப் பொதுப்பணம் போகும் திட்டங்களில் இந்த வேலை எளிதாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் என்ற நிதித் திட்டத்தின் உதவியுடன், மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பின் பங்கேற்பில் வைசியாள் தெருவில் நடந்த முகப்புச் சீரமைப்பு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதைப் பெற்றது. அதில் வீட்டு உரிமையாளர்களும் செலவில் பங்கேற்றார்கள். சொந்தப் பணமும் போகும்போது, தன் தாழ்வாரத்தில் எத்தனை தூண் மாறியது என்பதை எண்ணிப் பார்க்க உரிமையாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தகைய திட்டம் மறுபடி வந்து உங்கள் வீடு அதில் சேர்ந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் வீட்டுக்குரிய மதிப்பீட்டின் நகலையும், பணி முடிந்ததும் எம்.புக் பக்கங்களின் நகலையும் தருவதாக எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்தக் காலம் முடியும் வரை ஒப்பந்ததாரரின் பாதுகாப்பு வைப்புத்தொகை அரசிடம் இருக்கும். பூச்சு உப்பினாலோ கூரை ஒழுகினாலோ அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பணி முடிந்த பின் வரும் முதல் மழைக்காலம் முடிந்ததும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, ஈரக்கசிவும் விரிசலும் தெரியும்படி நாள் பதிந்த படங்களுடன் செயற்பொறியாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகு செய்யும் பழுதுபார்ப்புக்கு இன்னொரு மதிப்பீடு போட வேண்டிவரும்.